இடிக்கும் முன்பே பட்டியல் வேண்டும்

கொடி காத்த குமரனுக்குத் திருப்பூரில் நினைவகம் உண்டு, சிலை உண்டு; நகரின் முக்கியச் சாலைக்கே அவர் பெயர்தான். உடுமலை நாராயணகவிக்கு உடுமலைப்பேட்டையில் மணிமண்டபம் உண்டு. இவை வேண்டியவையே. ஆனால் சிலை காட்டுவது 1932 ஜனவரி 10 அன்று தடியடிபட்டு மறுநாள் உயிர்விட்ட குமரனை மட்டும்தான். சென்னிமலையில் 1904-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து மில்லில் வேலை பார்த்த இளைஞரைச் சிலையில் காண முடியாது. அதற்கு ஒருவர் புழங்கிய திண்ணையும் அடுப்படியும் வேண்டும். ஈரோட்டில் பெரியாரின் வீட்டை அரசு நினைவகமாக வைத்திருப்பதால்தான், அங்கே தங்கி அவருடைய இதழில் பணியாற்றிய அண்ணாவின் அந்த நாட்களும் நமக்குப் புலப்படுகின்றன.

பழைய ஓட்டு வீடு நின்ற இடத்தில் பனியன் கம்பெனியோ குடோனோ எழுவது இந்த வட்டாரத்தில் அன்றாடச் செய்தி. இடித்தவரைக் குறைசொல்வது நியாயமாகாது. பாகம் பிரிக்க வேண்டிய வாரிசுகளுக்கு அது சொத்து. பலருக்கு வேலை தரும் தொழிலுக்கு அது இடம். "ஊருக்குப் பெருமை, எங்களுக்கு நட்டமா?" என்று அவர்கள் கேட்டால் அரசிடம் பதில் இருக்க வேண்டும். போயஸ் கார்டன் வேதா நிலையம் இதைத் தெளிவாக உணர்த்தியது. ஜெயலலிதா மறைந்த பிறகு அந்த வீட்டைக் கையகப்படுத்த அரசு சுமார் 68 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தியது. 2021 நவம்பரில் அந்தக் கையகப்படுத்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, சாவி வாரிசுகளிடமே போனது. மெரினாவில் ஒரு நினைவிடம் இருக்க இன்னொன்று எதற்கு என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. லாஸ் ஏஞ்சலஸில் மர்லின் மன்றோ வாழ்ந்த வீட்டை வாங்கியவர்கள் 2023-ல் இடிக்க அனுமதியும் பெற்றுவிட்ட பிறகே நகர நிர்வாகம் விழித்தது. 2024-ல் அது பாரம்பரியச் சின்னமானது, உரிமையாளர்கள் வழக்குக்குப் போனார்கள். இரண்டு இடத்திலும் அரசு வந்தது தாமதமாக.

ஆகவே முதல் தேவை பணமல்ல, பட்டியல். எந்த வீடு காக்கத் தக்கது என்பது விற்பனைக்கு முன்பே பதிவாகியிருந்தால், வாங்குபவர் தெரிந்தே வாங்குவார். யாரும் ஏமாற மாட்டார்கள். எல்லா வீட்டையும் அரசு வாங்கி அருங்காட்சியகமாக்க வேண்டியதில்லை. குடும்பம் அங்கேயே வாழட்டும், கீழே கடைகூட வைக்கட்டும். முகப்பும் முன்கட்டும் நின்றால் போதும். மும்பையில் பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பவர், அங்கே கட்ட முடியாமல்போன பரப்பை வேறிடத்தில் கட்டும் உரிமையாக மாற்றி விற்கலாம். நிலம் இவ்வளவு விலைபோகும் திருப்பூரில் அந்த உரிமைக்கு வாங்க ஆள் கிடைக்காமல் போகாது.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வர 2024 ஆனது. அந்த இடைவெளியில் போன வீடுகளுக்குக் கணக்கே இல்லை. இனியாவது ஒவ்வொரு வட்டத்திலும் ஊர்ப் பெரியவர்களையும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களையும் வைத்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். இடிக்க அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும் மாநகராட்சியும் நகராட்சிகளும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.