எடுத்ததைத் திருப்பிக் கொடு!

லண்டன் மாநகரம். 1992-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி. அதிகாலை 2 மணி.

ஊர் தூங்குகிறது. ஆம்புலன்ஸ் அலுவலகம் தூங்கவில்லை. அது தூங்கவும் கூடாது. யாருக்கு எப்போது நெஞ்சு வலி வரும், யாருக்கு எப்போது பிரசவ வலி வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

எந்த ஆம்புலன்சை எங்கே அனுப்புவது என்று கவனிக்க அங்கே ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு இருந்தது. புதிய ஏற்பாடு. அக்டோபர் 26-ந் தேதிதான் அது முழு அளவில் வேலைக்கு வந்தது. வந்த நாளிலேயே தகராறு. மறுநாள் முதல் ஒரு பகுதி வேலையைக் கையாலேயே செய்து சமாளித்தார்கள். நவம்பர் 4-ந் தேதி அதிகாலை 2 மணி தாண்டியதும் அடியோடு நின்றுவிட்டது. ஒன்று நின்றால் கை கொடுக்க வேண்டிய மாற்றுக் கம்ப்யூட்டரும் கை கொடுக்கவில்லை. ஊழியர்கள் பழையபடி காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்கள்.

காரணம் என்ன? விசாரணை நடந்தது. 1993-ல் அறிக்கை வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு புரோகிராமில் ஒருவர் ஏதோ வேலை பார்த்தார். அப்போது ஒரு சிறு துண்டை அதில் தவறுதலாக விட்டுவிட்டார். ஒரு ஆம்புலன்ஸ் அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும், அந்தத் துண்டு கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்சம், கொஞ்சம், கொஞ்சம். மூன்று வாரத்தில் எல்லா இடமும் தீர்ந்தது. கம்ப்யூட்டர் நின்றது.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்!

நமக்கு ஏன் இந்தக் கதை?

நம் வீட்டுப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் வந்த 11-ம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்திலேயே "சி பிளஸ் பிளஸ்" என்ற கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக்கும் ரெயிலுக்கும் புரோகிராம் எழுதப் போகிறவர்கள் இவர்கள்தான்.

புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு எளிய பதில் உண்டு. பிள்ளைகளோடு பெற்றோரும் படிக்கலாம்.

கிளாஸ் என்றால் என்ன? ஆப்ஜெக்ட் என்றால் என்ன?

செங்கல் சூளைக்குப் போயிருக்கிறீர்களா? அச்சு ஒன்று. கல் ஆயிரம். அச்சுதான் "கிளாஸ்". அதில் இருந்து வரும் ஒவ்வொரு கல்லும் "ஆப்ஜெக்ட்".

ஆனால் கல் சும்மா இருக்கும். ஆப்ஜெக்ட் சும்மா இராது. அதற்குள் விவரமும் உண்டு, வேலையும் உண்டு. "ஆம்புலன்ஸ்" என்று ஒரு கிளாஸ் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வண்டி எண், நிற்கும் இடம் ஆகியவை விவரம். புறப்படு, திரும்பு ஆகியவை வேலை. விவரத்தையும் வேலையையும் ஒரே கட்டாகக் கட்டி வைப்பதுதான் இந்த முறை.

இந்த முறைக்கு வித்திட்டவர்கள் இருவர். ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட். நார்வே நாட்டுக்காரர்கள். ஆஸ்லோ நகரில் 1960-களில் "சிமுலா" என்ற மொழியை உண்டாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டென்மார்க்காரரான பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-ல் புதிய மொழி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு 1983-ல் "சி பிளஸ் பிளஸ்" என்று பெயர் வந்தது.

ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது?

நினைவகத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு வகை இடம் உண்டு.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் இலை போடுகிறார்கள். பந்தி முடிந்ததும் இலையை எடுத்துவிடுகிறார்கள். யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம். இது "ஸ்டாக்". புரோகிராமில் ஒரு வேலை தொடங்கும்போது இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் தானாகவே இடம் காலியாகும்.

சமையல் பாத்திரம் அப்படி அல்ல. அண்டாவும் குண்டாவும் வாடகைக்கு வந்தவை. பந்தி முடிந்தாலும் அவை அங்கேயே இருக்கும். யாராவது கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால்தான் கணக்குத் தீரும். இது "ஹீப்". சி பிளஸ் பிளசில் "நியூ" என்று எழுதினால் பாத்திரம் வரும். "டெலீட்" என்று எழுதினால் திரும்பிப் போகும்.

கொடுக்க மறந்தால் என்ன?

அண்டா திண்ணையில் கிடக்கும். அடுத்த கல்யாணத்துக்கு வேறு அண்டா. அதுவும் திண்ணையில். ஒருநாள் கடையில் அண்டாவே இராது. லண்டனில் நடந்தது இதுதான். இதற்கு "மெமரி லீக்" என்று பெயர். லீக் என்றால் கசிவு.

சில நேரம் கம்ப்யூட்டர் நாள் கணக்கில் ஓடிய பிறகு திணறுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது. அதற்குப் பல காரணம் உண்டு. இந்தக் கசிவும் ஒரு காரணம். அணைத்தால் எல்லாப் பாத்திரமும் ஒரே அடியாகக் கடைக்குப் போய்விடும் அல்லவா?

கொடுத்துவிட்டுப் பயன்படுத்தினால்?

இது அதைவிட ஆபத்து. அண்டாவைக் கொடுத்தாயிற்று. அது இப்போது அடுத்த தெருக் கல்யாண வீட்டில் இருக்கிறது. அதில் பாயசம் இருக்கிறது. நீங்கள் பழைய ஞாபகத்தில் போய் அதில் சாம்பாரை ஊற்றினால்?

இரண்டும் கெட்டது! புரோகிராமிலும் அப்படியே. ஒன்றின் விவரம் இருக்கும் இடத்தில் இன்னொன்றின் விவரம் போய் விழும். கம்ப்யூட்டர் திருடர்கள் நுழைய இது நல்ல வழி. ஒரே பாத்திரத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்ததாக எழுதினாலும் கடைக்காரர் கணக்கு குழம்பிவிடும்.

இது சின்ன விஷயம் அல்ல. தன் புரோகிராம்களில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று மைக்ரோசாப்ட் கம்பெனி 2019-ல் சொன்னது.

தானாகவே பெருக்க ஆள் இல்லையா?

இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி 1959-ல் "லிஸ்ப்" என்ற மொழிக்காக இதைக் கண்டுபிடித்தார். "கார்பேஜ் கலெக்டர்" என்று பெயர். குப்பை எடுப்பவர் என்று பொருள். 1995-ல் வெளிவந்த "ஜாவா" மொழியிலும் இவர் உண்டு.

இவர் வீடு வீடாகப் போவார். "இந்த அண்டாவை யாராவது கையில் வைத்திருக்கிறீர்களா?" என்று பார்ப்பார். யாரும் வைத்திருக்காவிட்டால் எடுத்துப் போய்விடுவார்.

அப்படியானால் கவலை இல்லையா? உண்டு! நீங்கள் அண்டாவைப் பரணில் போட்டுவிட்டு, "என்னுடையதுதான், இருக்கட்டும்" என்று சீட்டு எழுதி வைத்தால் அவர் என்ன செய்வார்? விட்டுவிட்டுப் போவார். ஜாவாவில் ஒரு பட்டியலில் ஆப்ஜெக்டுகளைப் போட்டுக்கொண்டே போய் எடுக்க மறந்தால், அங்கேயும் இடம் தீரும். ஆள் வைத்தாலும் வீட்டுக்காரர் கவனம் வேண்டும்.

வாரிசா, உறுப்பா?

"எல்லாக் கிளாசையும் இன்னொரு கிளாசின் வாரிசாக எழுதலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடாது. ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். "ஆம்புலன்ஸ் ஒரு வாகனம்." சரியாக இருக்கிறது. ஆம்புலன்ஸ், வாகனத்தின் வாரிசு. "ஆம்புலன்ஸ் ஒரு எஞ்சின்." இது பொருந்தவில்லை. ஆம்புலன்சில் எஞ்சின் இருக்கிறது. அது உறுப்பு.

இன்னும் ஒரு படி போங்கள். வண்டியைக் கழித்துவிட்டால் அதில் உள்ள எஞ்சினும் சேர்ந்து போகும். டிரைவரும் போவாரா? போக மாட்டார். நாளைக்கு வேறு வண்டி ஓட்டுவார். எஞ்சின் வண்டிக்குச் சொந்தம். டிரைவர் சொந்தம் அல்ல, உடன் இருப்பவர்.

கிளாஸ் எழுதும்போதே இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால், எதை எப்போது அழிப்பது, யார் அழிப்பது என்பதும் தெரிந்துவிடும். அமைப்பு வேறு, நினைவகம் வேறு அல்ல. இரண்டும் ஒரே கேள்வி: இது யாருக்குச் சொந்தம்?

ஒருவர் பொறுப்பு

நல்ல மொழிகள் இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்கின்றன. சி பிளஸ் பிளசில், ஆப்ஜெக்ட் மறையும்போது தான் எடுத்ததைத் தானே திருப்பிக் கொடுக்கும்படி எழுதலாம். 2011-ல் வந்த அதன் புதிய வடிவில் "யுனிக் பாயிண்டர்" சேர்ந்தது. ஒரு பாத்திரத்துக்கு ஒரே பொறுப்பாளி என்று பொருள். "ஷேர்டு பாயிண்டர்" என்பதும் உண்டு. அதில் பலர் பொறுப்பாளிகள். கடைசியாகப் போகிறவர் திருப்பிக் கொடுப்பார். 2015-ல் முதல் முழு வடிவம் வெளிவந்த "ரஸ்ட்" மொழி இன்னும் கண்டிப்பு. பொறுப்பாளி யார் என்பது சரியாக இல்லாவிட்டால் புரோகிராமை ஓடவே விடாது.

கண்டிப்புக்குப் பலன் உண்டா? உண்டு. கூகுள் கம்பெனி ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பத்திரமான மொழிகளில் எழுதத் தொடங்கியது. பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகத் தவறால் வந்தவை 2019-ல் 76 சதவீதம். 2024-ல் 24 சதவீதம்.

செய்ய வேண்டியது என்ன?

"கிளாஸ் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு நாலு வரி மனப்பாடம் செய்து எழுதலாம். மார்க்கும் வாங்கலாம். ஆனால் லண்டனில் அந்தத் துண்டை விட்டவருக்கும் நாலு வரி தெரிந்துதான் இருக்கும். நாலு வரி ஆம்புலன்ஸ் ஏற்பாட்டைக் காப்பாற்றவில்லை.

ஆசிரியர்களே! பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "நீ இடம் எடுத்தாய், சரி. திருப்பிக் கொடுப்பவர் யார்? எந்த வரியில்?" இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு முழு மார்க் கொடுங்கள்.

கம்பெனிக்காரர்களே! புதிதாக வந்த பையன் எழுதினான் என்று அவன்மேல் மட்டும் பழி போடாதீர்கள். லண்டனில் மூன்று வாரம் அந்தத் தவறு யார் கண்ணிலும் படவில்லை. எழுதியவர் ஒருவர் என்றால், பார்ப்பவர் இன்னொருவர் இருக்க வேண்டும்.

மாணவர்களே! பயப்பட வேண்டாம். இது கடினமான கலை அல்ல. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய ஆழாக்கு அரிசியை மறக்காமல் திருப்பிக் கொடுக்கும் உங்கள் அம்மாவுக்கு இது தெரியும்.

எடுத்த கையே கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதுதான் நீதி.