எல்லாம் அவருக்குத்தான் தெரியும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளையொன்றுக்கு வயதான அம்மையார் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். கணவர் காலமாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. பையில் இருந்தவற்றை மேசைமீது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: நான்கு பாஸ்புக்குகள், அவற்றில் இரண்டு வேறு வங்கிகளுடையவை, ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய மின்கட்டண ரசீதுகள், ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், எப்போது வைத்தது என்று அவருக்கே புரியாத ஒரு நகைக்கடன் சீட்டு, 'பழைய கணக்கு' என்று பென்சிலால் எழுதிய ஓர் உறை. உறைக்குள் ஒன்றுமில்லை. வேறு வைப்புத்தொகை ஏதேனும் உண்டா, யாரை நாமினியாக நியமித்திருந்தார், கடன் பாக்கி இருக்கிறதா என்று அலுவலர் பொறுமையாகக் கேட்டார். எல்லாக் கேள்விக்கும் ஒரே விடைதான் வந்தது: "எல்லாம் அவருக்குத்தான் தெரியும், சார்."

அந்த வீட்டை அலங்கோலமான வீடு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவருடைய கணவர் ஒழுங்கில் பிடிவாதம் உள்ளவர் என்பது அந்த ரசீதுக் கட்டைப் பார்த்தாலே விளங்கியது; மாதவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் கட்டிய தேதியைக் குறித்து வைத்திருந்தார். ஆனால் அந்த ஒழுங்கைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒரே ஒருவர்தான். அவர் போனதும் அத்தனையும் வெறும் காகிதமாகிவிட்டன.

வீட்டையும் வரவு செலவையும் சீர்செய்வது பற்றி இப்போது அறிவுரைக்குப் பஞ்சமில்லை. அலமாரியை எப்படி அடுக்குவது, துணியை எப்படி மடிப்பது, எந்தச் செயலியில் செலவைப் பதிவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றில் குறை காண்பது எங்கள் நோக்கமன்று. அடுக்கிய அலமாரி கண்ணுக்கு இதமானதுதான். ஆயினும், வங்கிப் பணியில் தினமும் குடும்பங்களைச் சந்திக்கும் எங்களுக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. தேவைப்பட்ட பொருளை, அதை வைத்தவர் ஊரில் இல்லாதபோதும் இன்னொருவர் எடுக்க முடிகிற வீடே சீரான வீடு. இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு மாதத் திட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும், மறுநாள் வங்கிக் கிளையில் ஒரு மணி நேரமும் போதும்.

விரைவாக முடிக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மெல்ல மெல்லச் செய்யலாம் என்று தொடங்கும் வேலை போகிப் பண்டிகை வரைக்கும் தள்ளிப்போகும். போகியன்று பரணில் இருப்பதை எல்லாம் இறக்கி, பழையது என்று தோன்றியதைக் கழித்துவிடுகிறோம். பழைய காகிதம் எது, பயனற்ற காகிதம் எது என்று அந்த அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? வைப்புத்தொகை ரசீது ஒன்று குப்பையோடு போய், அதன் நகலுக்காக அலைந்தவர்களை நாங்கள் அறிவோம். ஆகவே அலமாரி காத்திருக்கட்டும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும், இருநூறு பக்க நோட்டு, கோடு போட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும். தனித்து வாழ்பவராயின் பிள்ளையோ உடன்பிறந்தவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் சொல்லச் சொல்ல, விவரம் தெரியாத மற்றவரே எழுத வேண்டும். எழுதிய கைக்கு நினைவிருக்கும் என்பது எங்கள் அனுபவம்.

வங்கிக் கணக்குகளிலிருந்து தொடங்குங்கள். முதல் வேலைக்காகச் சென்ற ஊரில் தொடங்கிய சம்பளக் கணக்கு, கல்லூரி உதவித்தொகைக்காகத் தொடங்கியது, கடன் பெறுவதற்காக ஒரு வங்கியில் கட்டாயமாகத் திறந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று கணக்குகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஈராண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு, இயக்கமற்ற கணக்கு என்று வகைப்படுத்தப்படும். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால், அதிலுள்ள தொகை ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டு ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். 2023 பிப்ரவரி இறுதி நிலவரப்படி, பொதுத்துறை வங்கிகள் மட்டும் இவ்வாறு மாற்றியிருந்த தொகை ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. யாருடைய பணம் இது? பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களுடைய, எங்கோ ஒரு பெட்டியில் பாஸ்புக் மறந்துபோனவர்களுடைய பணம். அது தொலைந்துவிடவில்லை, உரிய சான்றுகளுடன் கணக்கிருந்த வங்கியை அணுகினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. பெயரையும் பான் எண், பிறந்த தேதி போன்ற ஏதேனும் ஒரு விவரத்தையும் கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். ஞாயிறு காலையில் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் அதில் ஒருமுறை தேடிப் பார்ப்பது கால் மணி நேர வேலை.

அடுத்து எழுத வேண்டியது கடன். இங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். சொத்தை மனைவியிடம் சொல்பவர்கள்கூடக் கடனைச் சொல்வதில்லை. நகைக்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அடகு வைத்த நகையை உரிய காலத்தில் மீட்காவிட்டால், முன்னறிவிப்பு அனுப்பிய பிறகு அது ஏலத்துக்குப் போகும். அறிவிப்பு, காலமானவரின் பெயருக்கு, ஒருவேளை பழைய முகவரிக்கு வரும். தன் தாலிக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரியாத பெண் அதை எப்படி மீட்பாள்? நாம் பிறருக்குக் கொடுத்த கைமாற்றும் அப்படியே. கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதிய புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடர, அதை எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுகளே காலவரம்பு. அது எந்தப் புத்தகத்துக்குள் செருகியிருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்த மூன்றாண்டு சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

காப்பீட்டில் பெரிய பத்திரங்கள் எப்படியும் கண்ணில் படும். கண்ணில் படாதவை சிறியவை. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாயும், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படுகின்றன. பாஸ்புக்கில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் அதன் தடயம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு லட்சம் ரூபாய்க்கான காப்பீடு இருப்பது குடும்பத்துக்குத் தெரியாததால், கேட்கப்படாமலே போன தொகைகள் உண்டு. மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு இல்லாமல் போனாலோ அந்தக் காப்பீடே புதுப்பிக்கப்படாது. பயன்படுத்தாத கணக்கில் இதைச் சேர்த்துவிட்டு மறந்தவர்கள், புழங்கும் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

மின்கட்டணம், பள்ளிக்கட்டணம், தவணைகள் ஆகியவற்றின் தேதிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அது எளிது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த நோட்டில் எழுதக் கூடாதவையும் சில உண்டு: ஏடிஎம் ரகசிய எண், இணைய வங்கிக் கடவுச்சொல், யுபிஐ எண். "அதைத்தானே முதலில் எழுத வேண்டும்? அவசரத்துக்கு அதுதானே உதவும்?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் பலர். அவர்களுடைய தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கணக்குதாரர் காலமான பின் அவருடைய அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது, அந்தப் பணம் இறுதியில் யாருக்குச் சேரவேண்டியதாக இருந்தாலும், முறையன்று. பின்னாளில் வாரிசுகளில் ஒருவர் கேள்வி எழுப்பினால், எடுத்தவர் பதில் சொல்ல நேரும். அவசரத்துக்கு உதவும் வழி வேறு இருக்கிறது. குடும்பச் செலவுக்கான கணக்கையேனும் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்னும் முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிட்டால், ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போதும் மற்றவர் தம் சொந்த அட்டையாலேயே பணம் எடுக்கலாம். யாரும் யாருடைய ரகசிய எண்ணையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

திங்கட்கிழமைக்குரிய முக்கிய வேலை நியமனம். நாமினி இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்காக அலையாமல் தொகை எளிதில் கைக்கு வரும். இதில் ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: நாமினியே உரிமையாளர் என்பது. அப்படியன்று. நாமினி வங்கியிடமிருந்து தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர். அத்தொகை யாருக்கு உரியது என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். திருமணத்துக்கு முன் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதிலும் மாற்றாமல் விட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவரையும் அண்ணியையும் அத்தகைய சங்கடத்தில் நிறுத்துவானேன்? 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தலாம். லாக்கருக்கு வரிசைமுறை மட்டுமே உண்டு. மூத்தவன் பெயரா, இளையவள் பெயரா என்று தயங்கியே நியமனத்தைத் தள்ளிப்போட்ட பெற்றோர்களுக்கு இனி அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

இரண்டு மறுப்புகளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, இருக்கும்போதே இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்பது. இதை எள்ளி நகையாட மாட்டோம். எங்களிலேயே சிலர், நாள்தோறும் நியமனப் படிவங்களைப் பிறரிடம் நீட்டிக்கொண்டே தம் சொந்தக் கணக்கில் நாமினி இல்லாமல் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள்தாம். ஆனால் ஊருக்குப் புறப்படும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதை யாரும் அபசகுனம் என்பதில்லை.

மற்றொன்று பெண்களிடமிருந்து வருவது. அதற்கு விடை சொல்வது கடினம். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் தொடங்கி, இன்று தனிக் கணக்கிலும் ஏலச்சீட்டிலும் வளர்ந்திருக்கும் தங்கள் சிறுசேமிப்பைக் கணவர் பார்க்கும் நோட்டில் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்கள். சில வீடுகளில் அந்தத் தொகை வெளியே தெரிந்தால் அன்றே செலவாகிவிடும் என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அத்தகைய வீட்டில் எழுத வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வங்கி இதழில் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும்; சுளிக்கட்டும். ஆனால் மகளுக்கோ தங்கைக்கோ அது தெரிந்திருக்கட்டும், அந்தக் கணக்கிலும் ஒரு நாமினி இருக்கட்டும்.

வங்கிகளிடமும் குறை உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. படிவங்கள் நீளமானவை, அவற்றின் மொழி கடினமானது. துயரத்தோடு வருபவரை மூன்று மேசைகளுக்கு அனுப்பும் கிளைகள் இன்னும் இருக்கின்றன. அந்த மஞ்சள் பை அம்மையாரும் நான்கு முறை வந்து போக நேர்ந்தது. நகைக்கடன் முதலில் தீர்ந்தது. உத்கம் தளத்தில் தேடியதில், வெற்று உறையில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த அந்தப் 'பழைய கணக்கு' வேறொரு வங்கியில் கிடைத்தது. தொகை பெரிதன்று. கணவர் அதை மகளின் படிப்புக்காகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னார்.

நியமனப் படிவம் நிரப்பக் கட்டணம் எதுவும் இல்லை. கையெழுத்திடுபவர்களுக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு மட்டும் இருவர் சாட்சியிட வேண்டும். நாமினி சிறுவயதினராயின், அவர் சார்பில் தொகையைப் பெற வயதுவந்த ஒருவர் பெயரையும் எழுத வேண்டும். படிவத்தைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்புக்கில் நியமனம் பதிவு செய்யப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளையைவிட்டுக் கிளம்புங்கள்.