பந்தை எண்ணும் நோட்டு

மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்த ஆண்டுகளில் வண்டியூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் கிரிக்கெட் மைதானம். ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். ஓர் ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னோர் ஆட்டத்தின் பிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். இப்போது குளத்தில் தண்ணீர் நிற்கிறது. பையன்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள்.

அவர்களின் ஆசையும் வளர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே, சிந்தாமணியில், 2025 அக்டோபரில் தோனி வந்து பெரிய கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். டி.என்.பி.எல்.லில் மதுரையின் பெயரில் ஓர் அணி ஆடுகிறது. 2018இல் கோப்பையும் வாங்கியது. மாவட்ட அணி, பிறகு 16 வயதுக்கு உட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் டிராபி, 19 வயதுக்கு உட்பட்டோருக்கான கூச் பெஹார் டிராபி என்று படிக்கட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. கனவு கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது.

தேர்வு நெருங்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். எந்த அகாடமி? என்ன பேட்? எவ்வளவு ஃபீஸ்? இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பையன் வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறான்?

மூன்று பேர், ஒரே முதுகு

வேகப்பந்து வீசும் 12 வயதுப் பையன் ஒருவனின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் அகாடமி நெட்ஸ், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு எட்டு ஓவர். சாயங்காலம் ஸ்கூல் டீம் பயிற்சி இரண்டு நாள், ஆறு ஆறு ஓவர். ஞாயிற்றுக்கிழமை தெரு அண்ணன்மாரோடு டென்னிஸ் பந்தில் இரண்டு மேட்ச், நாலு நாலு ஓவர். கூட்டினால் 52 ஓவர். அதாவது 312 பந்து.

அகாடமி கோச் கொடுத்தது அளவாகத்தான் தெரியும். பி.டி. சாருக்கும் தன் கணக்கு சரி. தெரு கேப்டனைக் கேட்டால், ‘நாலு ஓவர்தானேண்ணே போட்டான்’ என்பான். மூன்று பேருக்கும் மற்ற இருவர் கேட்டது தெரியாது. மொத்தக் கணக்கும் பையனின் முதுகில்தான் ஏறுகிறது.

வேகப்பந்து வீசும்போது உடம்பு ஒரே நொடியில் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. முன்கால் தரையில் மோதும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பு முழுசாக இறுகியிருக்காது. ஓய்வில்லாமல் அதே இடத்தில் அதே அழுத்தம் விழுந்தால் மெல்லிய கீறல் விடும். இளம் வேகப்பந்து வீச்சாளர்களை உலகம் முழுக்க வாட்டும் காயம் இதுதான். முழுசாக வளர்ந்த, பெரிய மருத்துவக் குழு கூடவே இருக்கும் ஜஸ்ப்ரீத் பும்ராவே முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பையை இழந்தார். 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்து, ஆகஸ்டில்தான் திரும்பினார். பள்ளிப் பையனுக்கு அப்படி ஒரு குழு கிடையாது. வீடுதான் குழு.

எண்ணிக்கை வைத்த நாடுகள்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் முழங்கையிலும் தோளிலும் வந்தது. அங்கே ‘லிட்டில் லீக்’ என்ற சிறுவர் போட்டி அமைப்பு 2007இல் வீசும் பந்துகளுக்கே உச்ச வரம்பு கொண்டுவந்தது. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. 

கிரிக்கெட்டில் இங்கிலாந்து பல ஆண்டுகளாக வேகப்பந்துக்கு ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. 13 வயதுக்கு உட்பட்டவர் தொடர்ந்து ஐந்து ஓவர், ஒரு நாளில் மொத்தம் பத்து ஓவர். 15 வயதுக்கு உட்பட்டவர் தொடர்ந்து ஆறு, நாளுக்குப் பன்னிரண்டு. பயிற்சிக்கும் கணக்கு உண்டு: 13 வயதுக்குள் ஒரு பயிற்சிக்கு 30 பந்து, வாரத்துக்கு இரண்டு பயிற்சி. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக் கூடாது. தொடர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. மேலே சொன்ன பையனின் 52 ஓவரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

நம் ஊரில் இதை எண்ண அம்பயர் வரமாட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எங்கே, எத்தனை ஓவர், வலி இருந்ததா. இவ்வளவுதான். பையனே எழுதட்டும், டென்னிஸ் பந்தையும் சேர்த்து எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவோ அப்பாவோ கூட்டிப் பார்க்கட்டும். திங்கட்கிழமை காலையில் கோச்சிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கும்: “சார், நேத்து மேட்ச்ல எட்டு ஓவர் போட்டுட்டான். இன்னைக்கு பேட்டிங் மட்டும் வைங்க சார்.” நல்ல கோச் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். தப்பாக எடுத்துக்கொள்கிறவர் என்றால், அதையும் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது.

“லேசாத்தான்மா வலிக்குது”

அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை. கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி. வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம். பின்னால் வளைந்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும், வீசினால் திரும்ப வரும். இப்படி இருந்தால் தைலம் தேய்ப்பது, சுளுக்கு எடுக்க ஆள் தேடுவது என்று வாரங்களை ஓட்டக் கூடாது. பந்து வீசுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்பக் கீறல் சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில மாத ஓய்வோடு போகும். விட்டால் சீசன் சீசனாகப் போகும்.

மதுரை வெயிலும் ஒரு எதிரி. கோடை லீவில் பயிற்சி காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடிந்தால் நல்லது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர், நீராகாரம், இரண்டு முட்டை அல்லது சுண்டல், ஒரு கடலை மிட்டாய். விலை உயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை. ராத்திரி ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. போனை வேறு அறையில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சாமான் வாங்கும்போது ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று பெரிய பேட் வாங்க வேண்டாம். கனமான பேட் அடிக்கும் முறையையே கெடுத்துவிடும். தொடக்கத்துக்குக் காஷ்மீர் வில்லோ போதும். மிச்சமாகும் பணத்தில் முகக் கம்பி சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்டும் கார்டும் வாங்கலாம். தோல் பந்து என்றால் இவை இரண்டும் இல்லாமல் நெட்ஸுக்குள் போகவே கூடாது.

இன்னொரு கணக்கு

தேர்வுக் காலத்தில் இன்னொரு எண்ணும் சோதனைக்கு வரும். அது பிள்ளையின் வயது. ‘ஒரு வயசு குறைச்சுப் போட்டா செலெக்ட் ஆயிடுவான்’ என்று யோசனை சொல்ல யாராவது ஒருவர் வருவார். பிறந்த சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். 16 வயதுப் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வயதையும் பார்க்கிறார்கள். வயதை மாற்றியது தெரிந்தால் இரண்டு ஆண்டு தடை, அதற்குப் பிறகும் வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஆட முடியாது என்று 2020இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது.

தடையைவிடப் பெரிய நஷ்டம் வீட்டுக்குள் நடக்கும். பொய் சொன்னால்தான் தன்னால் ஜெயிக்க முடியும் என்று பெற்றோரே நினைக்கிறார்கள் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்கிறான். அவன் எடுக்கும் இடமும் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு பையனுடையது.

அவசரப்படாமலும் போய்ச் சேரலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். ரஞ்சியில் ஆடத் தொடங்கிய பிறகு அவர் பந்துவீசும் முறை மீதே சந்தேகம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு வந்தவர், 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடும்போது வயது 29. பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வில் பெயர் வராதது முடிவு இல்லை. பன்னிரண்டு வயதில் முதுகு போனால்தான் திரும்புவது கஷ்டம்.

மாவட்டத் தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தால் இந்த ஞாயிறே நோட்டைத் தொடங்கலாம். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளும் அதில் ஓவர் கட்டத்தில் பூஜ்யம் இருக்கட்டும். அன்று காலை பையிலே இரண்டு தண்ணீர் பாட்டில், சான்றிதழ்களின் நகல், ஹெல்மெட். திரும்பி வரும்போது ‘செலெக்ட் ஆனியா?’ என்பதற்கு முன்னால் கேட்க ஒரு கேள்வி: “முதுகு எப்படிடா இருக்கு?”