மாடியில இருந்தா மனுசன் இல்லையா?

தாராவி நிலத்தில் பெரும்பகுதி மும்பை மாநகராட்சிக்குச் சொந்தம். அதன் மன்றம் 2022 மார்ச்சில் காலம் முடிந்து கலைந்தது. அதே நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்டு அதானி குழுமம் ஏலத்தில் முந்தியது. 2023 ஜூலையில் மகாராஷ்டிர அரசு வேலையை ஒப்படைத்தது. ஏன்னு கேட்க நாற்காலியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

அந்தச் சதுப்பை மேடாக்கியது யார்? திருநெல்வேலிச் சேரிகளிலிருந்து போய், ஊரே மூக்கைப் பொத்திய தோலைப் பதனிட்ட நம்ம சனமும், மண் பிசைந்த குயவர்களும்தான். இன்று அவர்களைத் தரம் பிரிக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன் வந்த தரைத்தளக் குடும்பத்துக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011க்குள் வந்தவர்களுக்கு இரண்டரை லட்சத்துக்கு, அதுவும் வெளியே. மேல்மாடிக்காரர்களுக்கு வெளியே வாடகை வீடு. அப்பன் கீழே, கல்யாணமான மகன் ஏணி ஏறி மேலே. அப்பன் ஊருக்குள்ள, மகன் ஊருக்கு வெளியே! (நமக்கு இது புதுசா?) அந்த வெளிக்காகத்தான் 2024இல் முலுண்டு, காஞ்சூர்மார்க் உப்பளங்களையும் தேவ்னார் குப்பைமேட்டையும் ஒதுக்கினார்கள்.

2026 ஜனவரித் தேர்தலில் மாநகராட்சிக்கு மறுபடி கவுன்சிலர்கள் வந்துவிட்டார்கள். ஒப்பந்தம் மாநில அரசோடது, எங்களுக்கென்ன என்று அவர்கள் கைகழுவக் கூடாது. நிலம் மாநகராட்சியோடது. ஒப்பந்தத்தை மன்றத்தில் வரிவரியாகப் படிக்கட்டும். கட்டம் கட்டமாகக் கட்டுவதென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் முதல் சாவி குடியிருக்கிற சனத்தின் கைக்கு வரணும். விற்பனைக் கோபுரம் அதுக்கப்புறம்தான் எழும்பணும். மாடிக்கணக்கைக் கிழித்துப் போடணும்.