கதைக்கு மங்களம் பாடுவது யார்?

நுகேகொடையில் வசிக்கும் மாணவர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். துப்பறியும் கதைகளில் அவருக்குள்ள ஈடுபாடு கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் புலனாகிறது. பல்லாண்டு காலம் ஒரே துப்பறிவாளரை வைத்துக் கதை எழுதிய ஆசிரியர்கள், ஒருநாள் அத்தொடருக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுவது ஏன்? கடைசி நூலைச் சிலர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அச்சிடுவது ஏன்? வாசகர் இருக்கும்போது வெளியீட்டாளர் இல்லாமற் போவாரா? இவையே அவர் வினாக்கள். ஒரு வரியில் விடையிறுத்துவிடக் கூடியவை அல்ல இவை. நேயர்கள் பலருக்கும் பயன்படக் கூடியவை. ஆதலின் இவ்வாரம் இவற்றையே எடுத்துக்கொள்வோம்.

மர்மக் கதைத் தொடர் ஒன்றில் இரண்டு முடிச்சுகள் உண்டு. குற்றவாளி யார் என்பது ஒன்று. அது அந்தந்த நூலின் கடைசி அத்தியாயத்தில் அவிழ்ந்துவிடும். துப்பறிவாளரின் சொந்த வாழ்வு எங்கே போய் முடியப்போகிறது என்பது மற்றொன்று. ஆசிரியர் மனம் வைத்தாலன்றி அது அவிழாது. வாசகனோ இருபது நூல்களைப் படித்துவிட்டு அந்த இரண்டாவது முடிச்சுக்காகவே காத்திருக்கிறான். அதனை அவிழ்த்துக் காட்டுவது ஆசிரியர் அவனுக்குச் செலுத்த வேண்டிய கடன் என்றே நாம் கருதுகிறோம்.

அக்கடனைச் செலுத்த விடாமல் தடுப்பது வியாபாரம். நன்றாக விலைபோகும் தொடரை முடித்துவிட வெளியீட்டாளர் இலேசில் இசைய மாட்டார். விலைபோவது குறைந்த தொடரின் முடிவை அச்சிட அவர் முன்வர மாட்டார். இரண்டிலும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. முதல் போட்டவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். ஆனால் எந்த வழியாகப் போனாலும் முடிவு என்னும் பொறுப்பு எழுத்தாளர் தலையிலேயே வந்து விடிகிறது.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டொயிலின் கதை இதற்கு முதற் சான்று. 1887 இல் அத்துப்பறிவாளரை அவர் அறிமுகம் செய்தார். சில ஆண்டுகளிலேயே புலிவாலைப் பிடித்தவன் நிலை அவருக்கு வந்துவிட்டது. சரித்திர நாவல்கள் எழுதிப் புகழ்பெற விரும்பினார் அவர். உலகமோ ஹோம்ஸ், ஹோம்ஸ் என்றே கேட்டது. 1893 டிசம்பரில் வெளியான கதையில் சுவிற்சர்லாந்து நாட்டு நீர்வீழ்ச்சி ஒன்றில் ஹோம்ஸ் விழுந்து மாண்டதாக எழுதி முடித்தார். வாசகர்கள் கொதித்தெழுந்தனர், சந்தாவை நிறுத்தியவர்கள் பலர். வாசகர் வேண்டுகோளும், பத்திரிகைகள் தர முன்வந்த பெருந்தொகையும் சேர்ந்து 1903 இல் ஹோம்ஸுக்கு உயிர் கொடுத்தன. அதன்பின் 1927 வரை அத்தொடர் நீண்டது. நாவல்கள் 4, சிறுகதைகள் 56 என்பது இறுதிக் கணக்கு. ஆசிரியர் எழுதிய முடிவை வாசகரும் பணமும் மாற்றியெழுதிய வரலாறு இது.

அகதா கிறிஸ்டி அம்மையார் முன்யோசனை மிக்கவர். 1920 இல் வெளியான முதல் நாவலிலேயே ஹேர்க்யூல் பொய்ரோவை அவர் படைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நாளை உயிரோடு இருப்போமா என்பதே நிச்சயமற்றிருந்தபோது, பொய்ரோவின் கடைசிக் கதையை எழுதிப் பத்திரமாகப் பூட்டி வைத்தார். 1975 இல்தான் அது நூலாக வெளிவந்தது. கற்பனைப் பாத்திரமாகிய பொய்ரோவுக்கு நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை முதற் பக்கத்திலேயே மரணச் செய்தி வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அம்மையாரும் காலமானார். முடிவை முன்னரே எழுதி வைத்ததனால் வாசகருக்குரிய கடன் தீர்ந்தது.

நம் காலத்தில் வாழும் அமெரிக்க எழுத்தாளர் லோறன்ஸ் புளொக், மாணவரின் வினாக்கள் இரண்டுக்கும் ஒருங்கே சான்றாவார். மத்தியூ ஸ்கடர் என்னும் துப்பறிவாளரை அவர் 1976 இல் தொடங்கினார். 1982 இல் வெளியான ஐந்தாவது நாவலோடு தொடர் முடிந்தது என்று அவரே எண்ணினார், முடியவில்லை, மேலும் பல நாவல்கள் வளர்ந்தன. பெரிய வெளியீட்டாளர்கள் அவருடைய நூல்களை வெளியிட்டு வந்தார்கள். எனினும் 2011 இல் ஸ்கடர் சிறுகதைத் தொகுதியை அவர் தாமே வெளியிட்டார். 2023 இல், தமது 85 ஆம் வயதில், ஸ்கடர் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக ஒரு நூல் எழுதி, அதனையும் தம் பொறுப்பிலேயே கொண்டுவந்தார். அந்நூலில் கொலையாளியைத் தேடும் வேட்டை பிரதானமன்று. மனிதன் ஒருவனுடைய வாழ்வே பொருள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு உடன் வந்த வாசகர்களுக்கு அவர் தம் கையாலேயே பாடிய மங்களம் அது.

தாமே எழுதித் தாமே வெளியிடுவது மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுவழி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தமிழில் துப்பறியும் நாவல் வேர்கொண்டதே அவ்வழியில்தான். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அரசாங்க உத்தியோகத்தை விட்டு எழுத வந்தவர். மனோரஞ்சனி என்னும் மாத வெளியீட்டின் வாயிலாகத் தம் நாவல்களைத் தாமே வாசகரிடம் கொண்டு சேர்த்தார். அவருடைய துப்பறிவாளர் திகம்பர சாமியார், 1950 இல் திரைப்படமாகவும் வந்து புகழ்பெற்றார். அதே ஐயங்கார் 1931 இல் ஆங்கிலத்தில் சரித்திர ஆராய்ச்சிப் பெருநூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார். நாவல்களை விரும்பிப் படித்த கூட்டம் அதன் பக்கம் திரும்பவில்லை. வாசகர் நேசிப்பது ஆசிரியரையா, அவர் படைத்த துப்பறிவாளரையா என்பதைக் கைப்பணம் போடுமுன் ஆராய வேண்டும் என்பதற்கு இது நல்ல படிப்பினை.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காட்சி தந்த தமிழ்வாணன், கல்கண்டு இதழின் ஆசிரியர். துப்பறியும் சங்கர்லாலைத் தமிழ் வீடுகளுக்குள் அழைத்து வந்தவர். அவருடைய நூல்களுக்குக் குடும்பத்தின் சொந்த நிறுவனமாகிய மணிமேகலைப் பிரசுரம் இருந்தது. 1977 இல் அவர் மறைந்தபோது தொடர் நின்றது; நூல்கள் மறையவில்லை. புதல்வர்கள் அவற்றைத் தொடர்ந்து பதிப்பித்தார்கள். அந்தப் பிரசுரம் இலங்கை எழுத்தாளர் பலருடைய நூல்களையும் வெளியிட்டிருப்பதை நேயர்கள் அறிவர்.

இனி நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். வீரகேசரி 1930 இல் தோன்றியது. எச். நெல்லையாவும், ரஜனி என்னும் புனைபெயரில் கே. வி. எஸ். வாஸும் அதில் தொடர்கதைகள் எழுதினர். பத்திரிகைத் தாளோ மிக மெல்லியது; சில ஆண்டுகளில் மஞ்சளித்து, மடித்த இடத்தில் முறிந்துவிடும். நூலுருப் பெறாத தொடர்கதை பழைய பத்திரிகைக் கட்டோடு சேர்ந்து அழிகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும், பழைய பத்திரிகைகளும் சாம்பலாயின. 2005 முதல் இயங்கி வரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம், எஞ்சியவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்கிறது. ஆயினும் அச்சேறாத முடிவை எந்த நூலகத்தாலும் காப்பாற்ற இயலாது. ஆகவே மேனாட்டில் எழுத்தாளரின் உரிமையாகக் கருதப்படும் சொந்த வெளியீடு, இங்கே கதை பிழைத்திருப்பதற்கே வழியாக இருக்கிறது.

அவ்வழி எத்தகையது என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும். பத்திரிகையில் வந்த பகுதிகளை வெட்டி ஒட்டுவதனால் மட்டும் நாவல் ஆகிவிடாது. வாரந்தோறும் வந்த முன்கதைச் சுருக்கங்களை நீக்க வேண்டும். பத்தாம் வாரத்தில் இடக்கையனாக இருந்தவன் முப்பதாம் வாரத்தில் வலக்கையால் சுடுகிறானா என்று பார்க்க வேண்டும். துப்பறியும் கதையில் இத்தகைய பிழை துப்பாகவே தோன்றி வாசகனை வழிதவறச் செய்யும். பின்னர்க் கணினியில் எழுத்துக் கோத்தல், பிறர் ஒருவரைக் கொண்டு ஒப்புநோக்கல், அட்டைப்படம், அச்சு, கட்டு என்று வேலை வளரும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேச நூல் இலக்கம் பெற வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆதலின் அவ்வுரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதலிலேயே எழுத்தில் தெளிவாக்கிக்கொள்வது நலம்.

எத்தனை பிரதி அச்சிடுவது என்பதே எல்லாரையும் இடறும் கல். எழுத்துக் கோத்தலும் அச்சுத் தகடும் 300 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். கூடுதலாக அச்சிட்டால் பிரதி ஒன்றின் அடக்கவிலை குறையும். அந்த ஆசையில் ஆயிரம் அச்சிட்டு, எழுநூறைக் கட்டிலின் கீழ் அடுக்கி வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. வேண்டும்போது வேண்டிய அளவே அச்சிடும் வசதி இப்போது வந்திருப்பது நல்ல காலம். பிரதி ஒன்றின் விலை சற்று ஏறினாலும் கட்டிலடி காலியாக இருக்கும்.

விற்பனை அதனினும் கடினம். நுகேகொடையில் சிங்கள, ஆங்கில நூல்கள் வாங்குவது எளிது. தமிழ் நூல் வேண்டுமாயின் வெள்ளவத்தைக்கோ செட்டியார் தெருவுக்கோ போக வேண்டியிருக்கிறது. எனவே வெளியீட்டு விழாவே நம் எழுத்தாளருக்குப் பெரிய சந்தை. கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்திலோ வேறிடத்திலோ கூடி, அன்பர்கள் கடித உறையில் பணம் வைத்துப் பிரதி பெற்றுச் செல்வர். விழா முடிந்த மறுநாள் முதல் ஆசிரியரே அலைந்து விற்க வேண்டும். மல்லிகை சஞ்சிகையை 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதனைத் தம் கையாலேயே கொண்டு திரிந்து விற்றார். பின்னர்க் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து 2012 வரை நடத்தினார். அந்த உழைப்பு இல்லாதவர் சொந்த வெளியீட்டில் இறங்காதிருப்பதே நன்று.

இத்தனை தொல்லையைப் பட்டும் ஒருவர் தம் துப்பறிவாளரின் கடைசிக் கதையை அச்சிடுகிறார் எனில், இலாபம் அவர் நோக்கமன்று என்பது வெளிப்படை. வருடக்கணக்காகத் தம்மை நம்பிக் காத்திருந்தவர்களை நடுவழியில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. கதையை முடிக்கும் அதிகாரத்தைப் பிறரிடம் கொடுக்க விரும்பாதவர், அச்சுக்கூலியையும் தாமே சுமக்கிறார்.

அவர் தம் கடனைத் தீர்த்தபின் வாசகராகிய நமக்கும் ஒரு கடன் இருக்கிறது. அன்பளிப்புப் பிரதி வரும் என்று காத்திராமலும், அயலவர் வாங்கியதை இரவல் கேளாமலும், அந்தக் கடைசி நூலை விலை கொடுத்து வாங்குவோம். முடிவை மட்டும் அடுத்த வீட்டாருக்குச் சொல்லாதிருப்போம்.