படியின் விளிம்பில் ஒரு பெயர்

பழைய எடைக்கற்களையும் பித்தளைப் படிகளையும் காயலான் கடைக்கு அனுப்பும் காந்தி மார்க்கெட், பெரிய கடை வீதி வணிக அன்பர்களுக்கு ஒரு வார்த்தை.

இங்கிலாந்தின் ஆல்ன்விக் நகரில் 1872ல் தொடங்கிய ஹார்டி நிறுவனம், தூண்டில் நூல் சுற்றும் 'பெர்ஃபெக்ட்' உருளையை 1891ல் கொண்டுவந்தது. இன்றும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி நல்ல விலை கொடுக்கிறார்கள். நம் காவிரியின் துணையாறான கபினியில் 1946ல் 120 பவுண்டு மாசீர் மீன் பிடிபட்டதுண்டு. அத்தகைய மீனுக்குத்தான் உருளை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத் துறையில் மூங்கில் கழியோடு உட்காருபவருக்கு அது தேவையில்லை!

நமக்குரிய செய்தி வேறு. அக்காலத்து உருளைகள் பலவற்றில் செய்தவர் பெயர் இராது. விற்ற கடையின் பெயரே பொறித்திருக்கும். செய்தவர் யாரென்று திருகாணியையும் கைப்பிடியையும் வைத்து ஊகிக்கிறார்கள். கடைக்காரர் பெயரோ அப்படியே நிற்கிறது. சில்லறை வியாபாரிக்கு இதைவிடப் பெருமை ஏது?

1956 சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்து வீசையும் சேரும் போயின. பிறகு மின்னணுத் தராசு வந்தது. என் தந்தையாரின் பித்தளைப் படியை நானே கிலோ விலைக்குப் போட்டேன். விளிம்பில் ஒரு பெயர் இருந்தது. என்ன பெயரென்று இன்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உங்கள் கடையில் மிஞ்சியிருந்தால் துடைத்துப் படியுங்கள். யாரிடம், எந்த ஆண்டு வாங்கியது என்று சீட்டெழுதிக் கட்டிவையுங்கள். வியாபாரத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள், முத்திரை ஆய்வாளர் விடமாட்டார்.