'நாள் முழுதும் நிற்பாயா?'

"விற்பனைப் பெண்கள் தேவை. நேரில் வருக" என்று பெரிய கடைகளின் வாசலில் அட்டை தொங்குகிறது. நேரில் போகிற பெண்ணிடம் என்ன கேட்கிறார்கள்? பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் வேற்றுமை தெரியுமா என்றா? தள்ளுபடிக் கணக்குப் போடத் தெரியுமா என்றா? அதெல்லாம் பிறகு! பல கடைகளில் முதற்கேள்வி, "கல்யாணம் ஆகிவிட்டதா?" அடுத்த கேள்வி, "நாள் முழுதும் நிற்பாயா?"

இது நேர்முகத் தேர்வா, மாட்டுச் சந்தையா? பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி!

பென்னலூர்த் தோழர்களுக்கு முதற்கேள்வி புதிதல்ல. பக்கத்துத் திருப்பெரும்புதூரில் ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் நிறுவனம் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில், விளம்பரத்தில் மணநிலையைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆள் திரட்டும் ஏஜெண்டுகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. விளம்பரத்திலிருந்து போயிற்று, வாயிலிருந்து போயிற்றா?

இரண்டாம் கேள்விக்கு வருவோம். காலையில் கடை திறந்தது முதல் இரவு கதவடைக்கும் வரை நின்றால் காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறது; இடுப்பு ஒடிகிறது. கழிப்பறைக்குப் போக வழியில்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிற பெண்கள் உண்டு. 2010-இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டோம். மறுவாரம் அதே தெருவில் துணியும் எடுத்தோம்!

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள் கண்ணீரோடு நிற்கவில்லை. முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டம் செய்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது: ஆண், பெண் எல்லாப் பணியாளர்க்கும் இருக்கை வேண்டும். இங்கிலாந்திலோ மூன்று கடைப்பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போடு என்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது!

ஆனால் நம் சட்டத்தில் ஒரு சொல் இடறுகிறது. வேலைக்கிடையே "வாய்ப்பு" நேரும்போது உட்காரலாமாம். வாய்ப்பு நேர்ந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? சூபர்வைசர்! ஸ்டூல் மூலையில் இருக்கும். அதில் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும்.

"ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் சோம்பேறி என்று நினைப்பார்" என்கிறார்கள் முதலாளிகள். கல்லாவில் முதலாளி உட்கார்ந்துதானே இருக்கிறார்! அவரை எந்த வாடிக்கையாளர் சோம்பேறி என்றார்?

வேலைக்குப் போகிற பெண்ணும் திருப்பிக் கேட்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்கிறதே அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே எத்தனை மணி? மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டா? வார விடுமுறை எந்த நாள்? விடுதிக்கும் சோற்றுக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பீர்கள்?

"இப்படிக் கேட்டால் வேலை கிடைக்குமா?" என்பீர்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காதுதான். பசித்தவள் பேரம் பேச முடியாது. ஆகவேதான் அவளுக்காகக் கேட்கும் கடமை நம்மிடம் வருகிறது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, வாயிற்கூட்டம் உண்டு. நம் வீட்டுப் பெண் வேலை பார்க்கும் கடைக்கு எது உண்டு?

தீபாவளி போனஸ் பணத்தோடு அந்தக் கடைக்குப் போகிறவர்கள் நாம்தானே, தோழர்களே! இந்த முறை சேலையைப் பார்க்கும் முன், அதை எடுத்துப் போடும் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவளிடம் கேட்காதீர்கள், அவள் வேலைக்கு ஆபத்து. நேரே மேலாளரிடம் போய், "22-ஏ எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கடையின் பெயரைக் குறித்துவந்து, சங்கத்தின் பெயரில் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்.